சங்கமோ டிரஸ்டோ, கார்டில் பணம் வாங்கப் போகிறீர்களா? கமிஷனைக் கடைசியாகக் கேளுங்கள்

மதுரை திருநகரில் ஒரு குடியிருப்போர் சங்கம், செல்லூரில் நெசவாளர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் டிரஸ்ட், மேலூர்ப் பக்கம் அரசுப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், சித்திரைத் திருவிழாவுக்கு அன்னதானம் போடும் குழு. யார் கிரெடிட் கார்டில் பணம் வாங்க நினைத்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "யார்ட்ட கமிஷன் கம்மி?" கேட்க வேண்டிய கேள்விதான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. சின்ன அமைப்பின் பணம் ஒரு வாரம் எங்காவது மாட்டிக்கொண்டால், ஒரு மாணவனுக்குக் கட்ட வேண்டிய பரீட்சை பீஸ் நின்றுபோகும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு டியூஷன் டிரஸ்டுக்கு மாதம் 1 லட்சம் ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 85,000 ஜிபே, போன்பே என்று யுபிஐ வழியாக. மீதி 15,000, ஐந்து பேர் தலைக்கு 3,000 வீதம் கிரெடிட் கார்டில். ஒரு பேமென்ட் கேட்வே (கட்டுகிறவரிடம் ஆன்லைனில் பணம் வாங்கி உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பும் கம்பெனி) 2 சதவீதம் கேட்கிறது. கமிஷன் 300, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 54, ஆக 354 ரூபாய். இன்னொரு கம்பெனி 1.75 சதவீதம் என்கிறது. கமிஷன் 262.50, ஜிஎஸ்டி 47.25, ஆக 309.75. வித்தியாசம் மாதம் 44 ரூபாய் 25 காசு, வருடத்துக்கு 531. அந்த 1.75 காரர் வருடப் பராமரிப்பு என்று 2,000 ரூபாய் போட்டிருந்தால், குறைந்த கமிஷன் தேடிப் போனவருக்குக் கைநட்டம்.

உண்மையில் காசு போகிற ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் என்கிற வணிகர் கட்டணம் கிடையாது. இதை நம்பி எல்லாவற்றையும் ஒரே கேட்வே லிங்கில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் சில கேட்வேகள் எம்டிஆர் என்று சொல்லாமல் 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' என்ற பெயரில் யுபிஐக்கும் அதே 2 சதவீதத்தைப் பிடிக்கின்றன. மேலே சொன்ன டிரஸ்டுக்கு அது என்ன ஆகும்? 85,000க்கு 1,700, ஜிஎஸ்டி 306, மொத்தம் மாதம் 2,006 ரூபாய். வருடத்துக்கு 24,072. கால் சதவீதத்துக்குப் பேரம் பேசி 531 ரூபாயை மிச்சம் பிடித்த கமிட்டி, இதைக் கவனிக்காமல் விட்டிருக்கும். ஆகவே விலைப்பட்டியல் கேட்கும்போது "யுபிஐயில் 1,000 ரூபாய் வந்தால் எங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு ஏறும்?" என்று ரூபாய்க் கணக்கில் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். முழு ஆயிரமும் வராது என்றால், யுபிஐக்கு உங்கள் வங்கியிலேயே அமைப்பின் பெயரில் க்யூஆர் வாங்கி மாட்டுங்கள். கேட்வே லிங்கில் கார்டு மட்டும் தெரியும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

க்யூஆரில் வருவதெல்லாம் இலவசம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்பில் இணைத்துப் பணம் கட்டலாம். சிறு வணிகருக்கு அதில் 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் உண்டு. டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 1 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முந்தைய ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஸ்வைப் மெஷினில் 0.40 சதவீதம், அதிகபட்சம் 200 ரூபாய். அதைக் கட்டுகிறவர் தலையில் ஏற்றக்கூடாது. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. பேரம் பேச இடமிருப்பது அங்கேதான். இன்னொன்று: 2,000 ரூபாய் வரையிலான கார்டு பரிவர்த்தனைகளின் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பேமென்ட் அக்ரிகேட்டருக்கும் (பணத்தைத் தானே வாங்கி வைத்து உங்களுக்குத் தரும் கேட்வே கம்பெனிக்கும்) அது பொருந்தும் என்று 2024 டிசம்பரில் நடந்த 55ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் தெளிவுபடுத்தினார்கள். மாதாந்தர பில்லில் 500, 1,000 ரூபாய் நன்கொடைகளுக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

இப்போது, கமிஷனுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்விக்கு வருகிறேன். கணக்கு யார் பெயரில்? ஓடிபி யார் போனுக்கு?

பொருளாளரின் சொந்த ஜிபே நம்பரை பேனரில் அடிக்கிற பழக்கம் நம்மூரில் இன்னும் போகவில்லை. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்தப் பணம் அவருடைய வங்கிக் கணக்கில் வரவாகத்தான் நிற்கும். நாளைக்கு வருமான வரித்துறை கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். கேட்வேயிலும் இதே தப்பு வேறு வேஷத்தில் வருகிறது. கணக்கு டிரஸ்ட் பெயரில் இருக்கும். ஆனால் பதிவு செய்த மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் செயலாளருடைய மகனுடையதாக இருக்கும், அவர்தான் 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்பதால். அவர் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டால் ரீஃபண்ட் கொடுக்கக்கூட ஆள் இல்லை. அமைப்புக்கென்று தனி மின்னஞ்சல், தனி சிம். சிம்மை ரீசார்ஜ் செய்யும் பொறுப்பு யாருக்கு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். உள்நுழைவு குறைந்தது இரண்டு பேருக்கு வேண்டும். ஒருவருக்கு எல்லா உரிமையும், கணக்கு எழுதுபவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும்.

அடுத்தது காகிதம். விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். டிரஸ்ட் பத்திரம் தமிழில் பதிவாகியிருக்கும். பான் கார்டில் 'அறக்கட்டளை'யை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு டி, வங்கிக் கணக்கில் ஒரு டி. ஒரு ரூபாய் போட்டுப் பார்த்துப் பெயரை ஒப்பிடுகிற இயந்திரத்துக்கு அது வேறு அமைப்பு. முதலில் பான், வங்கிப் புத்தகம், 12ஏ (அமைப்புக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை) சான்றுகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். பெயர் மாறியிருந்தால் வங்கியில் திருத்துவது பெரும்பாலும் சுலபம், பானில் திருத்த நாளாகும். பத்திரத்துக்கு நோட்டரி கையெழுத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று கையில் இருக்கட்டும். யார் கையெழுத்திடலாம் என்ற தீர்மான நகல், ரத்து செய்த காசோலை, நிர்வாகிகளின் பான், ஆதார். வெப்சைட் இருந்தால் அதில் முகவரி, விதிமுறை, தனியுரிமைக் கொள்கை, பணம் திருப்பித் தரும் முறை ஆகிய பக்கங்கள் இருந்தாக வேண்டும். "நன்கொடை திருப்பித் தரப்படாது, தவறுதலாக இருமுறை கட்டியிருந்தால் ஒன்று திருப்பித் தரப்படும்" என்று இரண்டு வரி எழுதினாலும் போதும், பக்கம் இல்லாமல் இருக்கக்கூடாது.

விண்ணப்பத்தில் 'தொழில் வகை' என்று ஒரு கட்டம் வரும். அதற்குப் பின்னால் நாலு இலக்க எண் ஒன்று இருக்கிறது. தொண்டு அமைப்புக்கு 8398, சமய அமைப்புக்கு 8661, பள்ளிக்கு 8211, உறுப்பினர் சங்கத்துக்கு 8699. சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஏஜென்ட் உங்களைச் சில்லறைக் கடை என்று போட்டுவிடுவார். நாலு மாதம் கழித்து, கடையில் சரக்கே இல்லை, வருவதெல்லாம் நன்கொடை என்று கண்காணிப்பில் தெரியவரும்போது செட்டில்மென்ட், அதாவது கேட்வே உங்கள் வங்கிக்குப் பணம் அனுப்புவது, நிற்கும். அந்த எண்ணை விண்ணப்பம் அனுப்பும் முன் உங்கள் கண்ணால் பாருங்கள்.

அதேபோல ஏஜென்ட் காட்டும் விசிட்டிங் கார்டில் உள்ள கம்பெனியும், ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனியும் ஒன்றுதானா என்று பாருங்கள். 2020 மார்ச் முதல் உள்ள விதிகளின்படி, உங்கள் பணத்தை வாங்கி வைத்துத் தருகிற அக்ரிகேட்டர் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றிருக்க வேண்டும், பணம் தனி எஸ்க்ரோ கணக்கில் (கம்பெனி தன் செலவுக்குத் தொட முடியாத கணக்கில்) இருக்க வேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்திலேயே உள்ளது. பட்டியலில் பெயர் இல்லாதவர் 1 சதவீதம் என்றாலும் வேண்டாம். அரை சதவீதம் என்றாலும் வேண்டாம்.

அன்னதானக் குழுக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மாதம் 30,000 வந்துகொண்டிருந்த கணக்கில், அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் திடீரென 4 லட்சம் வந்தால் கேட்வேயின் கண்காணிப்பு மென்பொருள் அதைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். பணம் நிற்கும். அரிசிக்கடைக்காரர் நிற்பாரா? விழாவுக்கு மூன்று வாரம் முன்பே அழைப்பிதழ், போன வருடத்து வரவு செலவு, எதிர்பார்க்கும் தொகை மூன்றையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பி, பதில் வாங்கி வையுங்கள். செட்டில்மென்ட் 'டி பிளஸ் 2' (கட்டிய நாளுக்குப் பின் இரண்டாம் நாள்) என்றால் வேலைநாள் கணக்கு. இரண்டாம் சனிக்கு முந்தைய வெள்ளி கட்டிய பணம் செவ்வாய்க்கிழமைதான் வரும். உடனடி செட்டில்மென்ட் கேட்டால் தனிக் கட்டணம். வருடத்தில் ஒரு வாரம் மட்டும் வசூல் செய்கிற குழு, மாத வாடகை கொடுத்து ஸ்வைப் மெஷின் வைப்பது வீண். வைகைக் கரைக் கூட்டத்தில் மெஷினுக்குள் இருக்கிற சிம்முக்குச் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. அங்கே க்யூஆரும், வீட்டுக்குப் போய்க் கட்ட ஒரு பேமென்ட் லிங்க்கும் போதும்.

வெளிநாட்டுக் கார்டு விஷயத்தில் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அலட்சியம் வேண்டாம். சிங்கப்பூர், மலேசியாவில் நம்மூர்க்காரர்கள் நிறைய. இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் அங்கிருந்து முறையான வங்கி வழியில் தருவது அந்நிய நன்கொடை ஆகாது. ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தந்தால், அவர் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், அது அந்நிய நன்கொடை. அதற்கு எஃப்சிஆர்ஏ என்கிற அந்நிய நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் அந்தப் பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில் மட்டுமே இறங்கலாம். உங்கள் கேட்வே உள்ளூர்க் கணக்கில் இறக்கினால் சட்டமீறல். பதிவு இல்லாத அமைப்பு 'இன்டர்நேஷனல் கார்டு' வசதியை அணைத்தே வைக்க வேண்டும். அணைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. திருட்டுக் கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க, தொகையை இஷ்டம்போல் போடவிடும் நன்கொடைப் பக்கங்களைத்தான் மோசடிக்காரர்கள் தேடுவார்கள். வெளிநாட்டுக் கார்டுகள் பலவற்றுக்கு ஓடிபி கிடையாது. 1 ரூபாய், 10 ரூபாய் என்று ராத்திரியில் வரிசையாக விழும், பிறகு சார்ஜ்பேக் (கார்டுக்காரர் புகார் செய்து பணம் திரும்பப் பிடிக்கப்படுவது) வரும், தண்டம் அமைப்புக்கு. குறைந்தபட்சத் தொகையை 100 ரூபாய் என்று வைத்தாலே இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும்.

கணக்கு எழுதுவதில் நடக்கும் பிழை ஆடிட்டர் வரை போகும். ஒருவர் 3,000 தருகிறார், வங்கியில் 2,929.20 ஏறுகிறது. 2,929.20ஐ நன்கொடை என்று எழுதிவிடுகிறார்கள். ரசீதில் 3,000, புத்தகத்தில் வேறு. நன்கொடை வரவு 3,000, கட்டணச் செலவு 70.80 என்று இரண்டு பதிவாக எழுத வேண்டும். கேட்வே பத்து பேர் பணத்தைச் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பும் என்பதால் வங்கி ஸ்டேட்மென்டில் பெயர் எதுவும் இருக்காது. செட்டில்மென்ட் அறிக்கையை வாராவாரம் எக்செல்லில் இறக்கி வையுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 80ஜி சலுகை இல்லை என்பதால் கார்டில் தருகிறவர் ரசீதை எதிர்பார்த்துத்தான் தருகிறார். பான் எண், முகவரி கேட்கும் கட்டங்களைக் கட்டணப் பக்கத்திலேயே வைக்க முடியுமா என்பதைக் கேட்வே தேர்வில் முக்கியக் கேள்வியாக வையுங்கள். பிறகு ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்பது நடக்கிற காரியம் இல்லை.

"காசு போச்சு, ஆனா பெயில்னு வருது" என்று ஒருவர் கூப்பிட்டால் மறுபடி கட்டச் சொல்லாதீர்கள். முதலில் கேட்வேயின் டாஷ்போர்டில் (உள்நுழைந்து வரவு பார்க்கும் பக்கத்தில்) பாருங்கள். உறுதி வராத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019இலேயே விதித்திருக்கிறது. வயதானவர் என்று இரக்கப்பட்டு கார்டின் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கி நீங்களே கட்டித் தருவதும் கூடாது. கார்டு வழங்கிய வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குகளும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக்கூடாது என்பது 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி.

மாதாமாதம் தானாகப் பிடிக்கும் நன்கொடையாளர்கள் இருந்தால், கேட்வேயை விட்டு விலகும் வழியை முன்பே கேளுங்கள். முதல் முறை ஓடிபி கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரை அடுத்த மாதங்களில் ஓடிபி இல்லாமல் போகும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அவருக்குத் தகவல் வரும். ஆனால் நீங்கள் கேட்வேயை மாற்றினால் அந்த ஒப்புதல்கள் பெரும்பாலும் கூட வராது, ஒவ்வொருவரும் புதிதாகப் பதிய வேண்டும். அதனால்தான் ஒரு வருடக் கட்டாய ஒப்பந்தம், மூடும் கட்டணம், மெஷின் திருப்பித் தருவதற்கான கெடு ஆகியவற்றை எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். கையெழுத்துக்கு முன் 100 ரூபாய்க்கு ஒரு சோதனைக் கட்டணம் செய்யக் கேளுங்கள். விடமாட்டோம் என்றால், கணக்கு திறந்த அன்றே பேனர் அடிப்பதற்கு முன் செய்து பாருங்கள். யுபிஐயில் ஒன்று, டெபிட் கார்டில் ஒன்று, கிரெடிட் கார்டில் ஒன்று. மூன்றும் என்றைக்கு, எவ்வளவாக வங்கிக்கு வந்தன, கிரெடிட் கார்டு ஒன்றுக்கு ரீஃபண்ட் கொடுத்தால் கட்டணம் திரும்புகிறதா என்று எழுதி வைத்து, அந்தத் தாளை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.