விற்பனைத் தாளில் 250, சாலையில் 85

பயன்படுத்திய மின்சார கார் ஒன்றை வாங்கி ஓராண்டாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டியின் மீது எனக்குக் கோபமில்லை. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மறைத்துவிட்டு, வண்டி புதிதாக இருந்தபோது சொல்லப்பட்ட ரேஞ்சையே (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரத்தையே) இன்றும் சொல்லி விற்கிறார்களே, அந்த வழக்கத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

என் வண்டியின் விற்பனைத் தாளில் 250 கிலோமீட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். ஐரோப்பாவின் பழைய என்.இ.டி.சி. என்ற சோதனை முறைப்படி ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்த எண் அது. அந்தச் சோதனையில் சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. ஏசியும் ஹீட்டரும் அணைக்கப்பட்டிருக்கும். உண்மையான ஓட்டத்துக்கு அது வெகு தொலைவில் இருந்ததால்தான் 2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பாவில் அதற்குப் பதிலாக டபிள்யூ.எல்.டி.பி. முறையைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். கைவிடப்பட்ட ஒரு சோதனையின் எண்ணை எடுத்து, ஆண்டுக்கணக்கில் தேய்ந்த பேட்டரியின் மேல் ஒட்டி விற்பது எந்த ஊர் நியாயம்?

வண்டியைப் பார்க்கப் போன அன்று முழு சார்ஜில் திரை 190 என்று காட்டியது. 250 இல்லாவிட்டாலும் 190 இருக்கிறதே என்று நம்பினேன். அந்த எண் பேட்டரியை அளந்து சொல்வதல்ல, அண்மையில் வண்டி எப்படி ஓட்டப்பட்டதோ அதை வைத்துப் போடப்படும் கணக்கு என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. விற்பனை வளாகத்துக்குள் மெதுவாக உருட்டப்பட்டுக்கொண்டிருந்த வண்டி கூடுதலாகத்தான் காட்டும். ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டியதும் அது 150க்கு இறங்கிவிட்டது. பிறகு, வண்டியின் கணினியில் உள்ள விவரங்களைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. கருவி ஒன்றை வாங்கிச் செருகிப் பார்த்தேன்: பேட்டரியின் ஆரோக்கியம் 74 சதவீதம். அதாவது புதிதில் 30 கிலோவாட் மணி மின்சாரம் பிடித்த பேட்டரியில் இப்போது 22தான் பிடிக்கும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிற உண்மை இது. ஓடோமீட்டரைத் திருத்தினால் மோசடி என்கிறோம். காரின் பெரும் மதிப்பே அடங்கியிருக்கும் பேட்டரியின் நிலையைச் சொல்லாமல் விடுவதற்கு மட்டும் பெயரே இல்லை.

அந்த 150 கிலோமீட்டராவது கைக்குக் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 120 கிலோமீட்டரில் பேட்டரி காலியாகிவிடுகிறது. வழியில் சார்ஜ் போடும்போது 80 சதவீதத்தைத் தாண்டியதும் சார்ஜ் ஏறும் வேகம் சரிந்துவிடுவதால் அதற்கு மேல் காத்திருப்பது வீண். 10 சதவீதத்துக்குக் கீழே போக எனக்குத் துணிவில்லை. ஆக, இரண்டு சார்ஜிங் நிலையங்களுக்கு இடையில் நான் நம்பி ஓட்டக்கூடிய தூரம் ஏறத்தாழ 85 கிலோமீட்டர்.

ஏன் துணிவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் இரவு 17 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி, மேட்டில் ஏறும்போது திடீரென்று சக்தியைக் குறைத்துக்கொண்டு ஊர ஆரம்பித்தது. பேட்டரியில் வரிசையாக இணைந்திருக்கும் செல்களில் ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தாலும், அதிகச் சுமையில் அதன் மின்னழுத்தம் முதலில் சரியும். மற்ற செல்களில் மின்சாரம் இருந்தாலும் அந்த ஒன்றைக் காப்பாற்றக் கட்டுப்பாட்டு அமைப்பு வண்டியை அடக்கிவிடும். பின்னால் லாரிகள் ஒலியெழுப்பி விரட்ட, குடும்பத்தை உட்காரவைத்துக்கொண்டு சாலையோரமாக நான் ஊர்ந்த அந்த இருபது நிமிடங்களை மறக்கவே மாட்டேன். செல்களுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டையும் அதே கருவி காட்டும். அதையும் ஒருவரும் சோதித்துத் தரவில்லை.

சார்ஜிங் நிலையங்களின் கதை இதற்கு மேல். என் வண்டிக்குச் சாடெமோ என்ற வகை கன் (வண்டியில் செருகும் சார்ஜிங் இணைப்பு) வேண்டும். இப்போது பல இடங்களில் சி.சி.எஸ். என்ற வேறு வகை கன் நான்கு இருந்தால் சாடெமோ ஒன்றுதான் இருக்கிறது; புதிய நிலையங்கள் சிலவற்றில் அந்த ஒன்றும் இல்லை. சென்ற மாதம் 240 கிலோமீட்டர் பயணத்தில், செயலி ‘காலியாக உள்ளது’ என்று காட்டிய நிலையத்துக்கு 12 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தேன். சார்ஜரின் திரை ஒளிர்ந்தது, கன் பூட்டிக்கொள்ளவில்லை. உதவி எண்ணில் அரை மணி நேரம் காத்திருந்த பிறகு, வேறு நிலையத்துக்குப் போங்கள் என்றார்கள். அடுத்தது 14 கிலோமீட்டர் தள்ளி. ஏசியை அணைத்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதற்கடுத்த நிறுத்தத்தில் 50 கிலோவாட் சார்ஜர் ஒழுங்காக வேலை செய்தும், திரவக் குளிர்விப்பு இல்லாத என் பேட்டரி முதல் சார்ஜிலேயே சூடேறியிருந்ததால் 20 கிலோவாட்டுக்கு மேல் வாங்க மறுத்தது. வீட்டுச் சுவர் பிளக்கில் போட்டாலோ முழு சார்ஜுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது.

இதற்கு வழியே இல்லாமலில்லை. ஐ.நா.வின் கீழ் 2022இல் ஏற்கப்பட்ட உலகளாவிய விதி, 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரை 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதமும் பேட்டரியில் மிஞ்ச வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியா 2026 மாடல்களிலிருந்து பேட்டரி ஆரோக்கியத்தை ஓட்டுநரே பார்க்கும்படி காட்டச் சொல்லி 2022இல் விதி வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், பேட்டரியின் விவரங்களைப் பதிந்துவைக்கும் மின்னணு ஆவணமான பேட்டரி பாஸ்போர்ட் கட்டாயம். எல்லாம் புதிய வண்டிகளுக்கு! இன்று கைமாறிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளை வாங்குகிறவர்கள் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லையா? அளந்த தேதியோடு பேட்டரி ஆரோக்கியத்தையும் செல் வேறுபாட்டையும் விற்பனைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர, இரண்டு நிமிடமும் ஒரு சிறு கருவியும் போதும்.

போன வாரம் நண்பர் ஒருவர் இதே மாடலை வாங்கப் போனபோது என் கருவியைக் கொடுத்தனுப்பினேன். அதை வண்டியில் செருக விற்பவர் அனுமதிக்கவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் 250 கிலோமீட்டர் என்றே போட்டிருந்ததாம்.