பாட்டு கேட்கப் போனீங்களா, படம் பிடிக்கவா?

2025 ஜனவரியில் அகமதாபாத் ஸ்டேடியத்தில் பிரிட்டிஷ் ராக் இசைக்குழு கோல்ட்ப்ளேயின் கச்சேரி. டிக்கெட் கிடைக்காமல் கிருஷ்ணகிரியில் ஏங்கிக் கிடந்தேன். போய்வந்த நண்பன் நாற்பது வீடியோ அனுப்பினான். ஒன்றிலாவது அந்தக் குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் குரல் உருப்படியாகக் கேட்க வேண்டாமா? எல்லாவற்றிலும் இவன் கத்தல்தான். முன்னால் நிற்பவர் தூக்கிப் பிடித்த போன், அதற்குள் இன்னொரு போன், அதன் ஓரத்தில் கடுகளவு மேடை. பாட்டுக்கு ஏற்ப ரசிகர்கள் கையில் கட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான ஒளிரும் கைப்பட்டைகள் நிறம் மாறுமே, அதையாவது கண்ணால் பார்த்தானா?

"எப்படிடா இருந்துச்சு?" என்றால் "வேற லெவல் மச்சி". அவ்வளவுதான்.

2011 அக்டோபரில் அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிகா பெங்களூரு வந்தபோது ஓசூர் வழியாக பஸ் பிடித்துப் போனேன். என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. பேலஸ் கிரவுண்ட்ஸில் மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடியது இன்னும் காதில் இருக்கிறது. எந்தப் பாட்டுக்குக் கண் கலங்கினாய், அதைச் சொல்லுடா!