சுருக்குப்பையும் யு.பி.ஐ. லைட்டும்

போன மாதம் காரைக்குடி திங்கட்கிழமைச் சந்தையில் 40 ரூபாய்க்கு முருங்கைக்காய் வாங்கினேன். ஸ்கேன் செய்து பின் நம்பரும் போட்டாச்சு. திரையில் சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. என் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. கடை ஸ்பீக்கர் மட்டும் வாய் திறக்கவில்லை. காயை என் பையிலும் போடாமல் கூடையிலும் வைக்காமல் பிடித்துக்கொண்டு, "பெட்டி சொல்லலையே தம்பி" என்றார் அந்த ஆச்சி. கடைசியில் பக்கத்துக் கடைக்காரரிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்தேன்.

கடைக்குச் சேராத பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லியிருக்கிறது. எனக்கு மறுநாளே வந்துவிட்டது. அதற்காக முருங்கைக்காய்க்கு நடுவில் நின்று சுற்றறிக்கையா வாசிக்க முடியும்?

எங்கள் அப்பத்தா சந்தைக்குப் பெட்டகச் சாவியோடு போனதே இல்லை. இடுப்புச் சுருக்குப்பையில் எண்ணி எடுத்த சில்லறை, அவ்வளவுதான். நாம்தான் ஒரு டீக்குக்கூடப் பெட்டகத்தையே தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

அன்றைக்கே போனில் யு.பி.ஐ. செயலிக்குள் யு.பி.ஐ. லைட் போட்டேன்; சின்னச் செலவுக்கான சுருக்குப்பை அது. 2022-லிருந்து இருக்கிறது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. கணக்கிலிருந்து கொஞ்சம் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்; உச்சம் 5000, ஒரு தடவைக்கு 1000 வரை. பின் நம்பர் வேண்டாம். செலவழிக்கும்போது வங்கி சர்வரைத் தட்டாமலே பணம் நகர்வதால், அது படுத்துக் கிடந்தாலும் கவலையில்லை. நெட் மட்டும் வேண்டும்.

எனக்குப் பெரிய நிம்மதி ஸ்டேட்மென்ட்தான். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் தொடங்கியது. அப்படிக் கணக்குக்குப் பேர்போன ஊர்க்காரன் நான். என் மாதக் கணக்கோ 12, 15, 10 என்று டீயும் பணியாரமுமாகப் பக்கம் பக்கமாக ஓடும். கரண்ட் பில் கட்டினேனா என்று தேடுவதற்குள் கண் பூத்துவிடும். இப்போது அந்த இடத்தில் லைட் பையை நிரப்பிய டாப்-அப் ஒற்றை வரி.

குறை இல்லாமல் இல்லை. பின் நம்பர் கேட்காததால் கை நீளுகிறது. ஒரு மசால் சீயம் மூன்றாகிறது. அதனால்தான் ஆட்டோ டாப்-அப்பை அணைத்து வைத்திருக்கிறேன். பை காலியானால் எனக்கு உறைக்க வேண்டாமா? போன் தொலைந்தாலும் சேதம் அந்தப் பையோடு போகட்டும் என்று ஆயிரத்துக்கு மேல் வைப்பதில்லை.

இந்தத் திங்கட்கிழமை அதே ஆச்சியிடம் போனேன். நான் போனை இறக்குவதற்குள் பெட்டி சொல்லிவிட்டது. கொசுறாகக் கறிவேப்பிலை வைத்துக்கொண்டே, "சட்டைப்பையில் தாள் ஏதும் வச்சிருக்கியா தம்பி?" என்றார். இரண்டு ஐம்பது இருந்தது. எடுத்துக் காட்டினேன்.