பேசிக் எவ்வளவு?

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னதும் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கிறோம். அவர்களும் ஒரு பெரிய தொகையைச் சொல்கிறார்கள். அதில் பேசிக் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, என்னென்ன பிடித்தம் என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது. விசா அதிகாரி துருவப்போவது இந்த மூன்றையும்தான்.

சமீபத்தில் நண்பர் ஒருவர் தன் லண்டன் ஆஃபர் லெட்டரை அனுப்பினார். மொத்தப் பேக்கேஜ் வருடத்துக்கு 45,000 பவுண்டு. பிரிட்டனின் ஸ்கில்ட் வொர்க்கர் விசாவுக்கு 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், சுகாதாரத் துறையினர் போன்ற சிலருக்குக் குறைந்த வரம்பு உண்டு. இவர் அதில் எதிலும் வரமாட்டார். "மூவாயிரத்துக்கு மேல அதிகமாவே இருக்கே, அப்புறம் என்ன?" என்றார். லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். பேசிக் 38,000, வீட்டு அலவன்ஸ் 5,000, போனஸ் 2,000. அப்படியென்றால் விசாக் கணக்கில் அவருடைய சம்பளம் வெறும் 38,000. மாதாமாதம் தவறாமல் பேங்கில் விழப்போகிற வீட்டு அலவன்ஸுக்கு அங்கே மதிப்பு பூஜ்யம்.

பிரிட்டன் விதியில் எதெல்லாம் சம்பளம் இல்லை என்று ஒரு நீளமான பட்டியலே இருக்கிறது. ஓவர்டைம், ஷிஃப்ட் அலவன்ஸ், போனஸ், வேலையில் சேரும்போது தருகிற ஒருமுறைத் தொகை, கம்பெனி கட்டும் பென்ஷன், கம்பெனி கார், இன்ஷூரன்ஸ், பங்குகள், பயணச் செலவு எதுவும் சேராது. ஷிஃப்ட் பணத்தையும் போனஸையும் பற்றி அந்த விதி சொல்வதைக் கவனியுங்கள்: உறுதியாகக் கிடைப்பதாக இருந்தாலும் சேராது. எனக்கு இதில்தான் கோபம். போனஸ் வரலாம், வராமலும் போகலாம், அதை விட்டால் புரிகிறது. காண்டிராக்டிலேயே நிரந்தர நைட் ஷிஃப்ட் என்று எழுதி, அதற்கு இவ்வளவு என்றும் எழுதிவிட்ட பிறகு, அது எப்படிச் சம்பளம் ஆகாமல் போகும்?

சிங்கப்பூரைப் பாருங்கள். வெளிநாட்டு நிபுணர்களுக்குத் தருகிற வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அவர்கள் பார்ப்பது நிலையான மாதச் சம்பளம். 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சம் 5,600 சிங்கப்பூர் டாலர். வயதும் துறையும் பொறுத்து ஏறும். அதில் பேசிக்கோடு, மாதாமாதம் மாறாமல் வருகிற அலவன்ஸும் சேரும். ஓவர்டைம், போனஸ், மாறக்கூடிய அலவன்ஸ் சேராது. பணத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்க்காமல், நிச்சயமாக வருமா வராதா என்று மட்டும் கேட்கிறார்கள். சிங்கப்பூர் விதிகள் எல்லாமே எனக்கு உவப்பானவை இல்லை; ஆனால் இந்த ஒன்றில் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனுக்கும் இது தெரியாமல் இல்லை. பன்னாட்டு கம்பெனி தன் ஊழியரை உள்ளுக்குள்ளேயே மாற்றி அனுப்புகிற விசாவில், உறுதியான சில அலவன்ஸ்களை அவர்களே சம்பளத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த விசாவில் எத்தனை வருடம் இருந்தாலும் அதை வைத்து நிரந்தர வசிப்புரிமைக்குப் போக முடியாது. திரும்பிப் போகிறவருக்குக் கணக்கு தாராளம், தங்கப்போகிறவருக்குக் கறார். இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

விதி போடுகிறவர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். பேசிக்கைக் குறைத்து, பேப்பரில் மட்டும் அலவன்ஸ் காட்டி, அதைப் பின்வாசல் வழியாகத் திருப்பி வாங்கிக்கொள்கிற முதலாளிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களை அடைக்கத்தான் இந்த வேலி. ஆனால் வேலியில் கிழிபடுவது யார்? சம்பளத்தை எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்தது ஹெச்.ஆர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் விசா கட்டணத்தை இழந்து, இருந்த வேலையையும் ராஜினாமா செய்துவிட்டு நிற்பது ஊழியர்.

அடுத்து மணி நேரம். இதை யாரும் கவனிப்பதே இல்லை. பிரிட்டனில் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு சந்தை விகிதம் (அந்த வேலைக்குக் குறைந்தபட்சம் தர வேண்டிய சம்பளம்) உண்டு, அது 37.5 மணி நேர வாரத்துக்குப் போட்டது. ஒரு வேலைக்கு அந்த விகிதம் 45,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காண்டிராக்டில் வாரம் 45 மணி நேரம் என்று இருந்தால், தேவையான தொகை 54,000 ஆகிவிடும். "கூடுதலா உழைக்கிறேனே, நல்லதுதானே" என்று நினைக்கிற இடத்தில் வரம்பு ஒன்பதாயிரம் ஏறி நிற்கும். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வேறு ஒரு முட்டுக்கட்டை: பொது வரம்புக்கு வாரம் 48 மணி நேரம் வரைதான் எண்ணுவார்கள். மணிக்கு 16 பவுண்டு, வாரம் 60 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 49,920 வரும். கணக்கில் ஏறுவது 39,936.

நியூசிலாந்திலும் இதே கதைதான். அங்கே புள்ளிகளை வைத்து நிரந்தர வசிப்புரிமை தருகிற ஸ்கில்ட் மைக்ரன்ட் பிரிவை 2023 அக்டோபரில் மாற்றியமைத்தார்கள். அந்த முறையில் சம்பளத்தை வைத்துப் புள்ளி வாங்க வேண்டுமானால், நாட்டின் இடைநிலைக் கூலியைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், அதுவும் மணிக்கணக்கில். வருடம் 124,800 நியூசிலாந்து டாலர் என்று இரண்டு பேருக்கு ஆஃபர் வருகிறது. 40 மணி நேரக் காண்டிராக்ட் போட்டவருக்கு மணிக்கு 60 டாலர், 50 மணி நேரம் போட்டவருக்கு 48. பேங்கில் விழுவது ஒரே தொகை, விசா அலுவலகத்தில் இருவரும் வேறு வேறு ஆட்கள்.

பிடித்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விசாச் செலவைக் கடனாகக் கொடுத்து மாதச் சம்பளத்தில் பிடிக்கிற வழக்கத்துக்கு எதிராக, பிரிட்டன் 2025 ஏப்ரலில் விதியைத் திருத்தியது. அப்படித் திருப்பிக் கொடுக்கிற தொகையைக் கழித்துவிட்டுத்தான் இப்போது சம்பளத்தைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை விசா மனுவுக்கான வக்கீல் செலவை ஊழியர் தலையில் கட்டக்கூடாது, புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்காரவைத்தாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஏட்டில் இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. தன் விசாவையே கையில் வைத்திருக்கிற முதலாளி மேல் எத்தனை பேர் புகார் கொடுப்பார்கள்?

லண்டன் நண்பர் விஷயம் நல்லபடியாக முடிந்தது. கையெழுத்து போடுவதற்கு முன்பே ஹெச்.ஆரிடம் பேசி, வீட்டு அலவன்ஸை அப்படியே பேசிக்கில் சேர்க்கச் சொன்னார். 43,000 பேசிக், 2,000 போனஸ். அவருடைய வேலைக்கான சந்தை விகிதமும் அதற்குள் அடங்கியது. மொத்தம் அதே 45,000தான். கம்பெனி மறுபேச்சில்லாமல் புது லெட்டர் கொடுத்தது. பல இடங்களில் ஹெச்.ஆருக்கே இது தெரிவதில்லை, கேட்டால் மாற்றிவிடுகிறார்கள். கையெழுத்து போட்டு விண்ணப்பமும் போன பிறகு கேட்டால்தான் இழுபறி.

ஆனால் கேட்டாலும் சரிசெய்ய முடியாத ஒரு வகை இருக்கிறது, இன்வாய்ஸ் போட்டுச் சம்பளம் வாங்குவது. கனடாவில் ஒரு வருட வேலை அனுபவத்தை வைத்து நிரந்தர வசிப்புரிமைக்குப் போகிற பிரிவு உண்டு. அதற்கு 1,560 மணி நேரம் வேண்டும், சுயதொழில் சேராது. டாக்டர்களுக்கு மட்டும் விலக்கு. "காண்டிராக்டரா வாங்கிக்கோ, வரிப் பிடித்தம் இல்லாம முழுசா கைக்கு வரும்" என்று கம்பெனி சொல்லும்போது இனிக்கத்தான் செய்யும். அதே ஆபீஸ், அதே மேனேஜர், காலை ஒன்பது மணிக்கு அதே மேஜை. ஆனாலும் மாதக் கடைசியில் இன்வாய்ஸ் அனுப்பியவர், நான் ஊழியன்தான் என்று நிரூபிக்கப் படாத பாடு பட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இதில் மாட்டி, இப்போதுதான் அதே கம்பெனியில் பேரோலுக்கு மாறியிருக்கிறான். அவனுடைய 1,560 மணி நேரம் ஒன்றிலிருந்து எண்ணப்படுகிறது.