ஸ்லாப் செரிஃப் டைப்ரைட்டரில் பிறந்ததல்ல

ஸ்லாப் செரிஃப் என்பது கோடுகளின் முனையில் தடித்த பட்டை போன்ற பாதம் வைத்த ஆங்கில எழுத்து வகை. இதைப் பற்றி ஒருத்தர், "ஸ்லாப் செரிஃப் டைப்ரைட்டருக்காக உண்டான எழுத்து, டைம்ஸ் நியூ ரோமனை போல்ட் ஆக்கினால் அதேதான்" என்கிறார். இரண்டுமே தப்பு.

டைப்ரைட்டர் பெரிய அளவில் விற்பனைக்கு வந்ததே 1870-களில்தான். லண்டன் எழுத்து வார்ப்பகங்கள் தடித்த ஸ்லாப் எழுத்தை 1810-களிலேயே விற்றன. வின்சென்ட் ஃபிகின்ஸ் அதில் முன்னோடி. சுவரொட்டி தூரத்திலிருந்தே கண்ணில் படணும், தேவை அவ்வளவுதான். டைப்ரைட்டர் அதைப் பிறகு எடுத்துக்கொண்டது வேறு காரணத்துக்கு. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால், ஒல்லியான ஆங்கிலச் சின்ன 'ஐ'க்கு (i) பட்டை வைத்து இடத்தை அடைத்தார்கள்.

அப்புறம் போல்ட். டைம்ஸ் போல்டிலும் தடித்த கோட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு மெல்லியதுதான். மதுரை டவுன்ஹால் ரோட்டில் எதிர்ச்சாரியில் நின்று ஃப்ளெக்ஸ் போர்டுகளைப் பாருங்கள். டைம்ஸ் போல்டில் அடித்த ஆங்கிலப் பெயரில் பெரிய 'என்' (N) இருந்தால், நிமிர்ந்த இரண்டு கோடும் மங்கி நடுச் சாய்வுக்கோடு மட்டும் தெரியும். மோனோடைப் நிறுவனத்தின் ராக்வெல் என்ற ஸ்லாப் எழுத்தில் (1934) கோடும் பாதமும் ஏறக்குறைய ஒரே தடிமன், அதனால் எதுவும் கரையாது.

ஸ்லாப் என்றாலே போஸ்டர்தான் என்றும் இல்லை. லண்டன் எழுத்து வார்ப்பகக்காரர் ராபர்ட் பெஸ்லியின் கிளாரெண்டன் என்ற ஸ்லாப் எழுத்து (1845) அகராதியில் தலைச்சொல்லைத் தனித்துக் காட்டப் பயன்பட்டது. அதற்கிருந்த உரிமைப் பாதுகாப்பு மூன்றே வருஷம். முடிந்ததும் ஆளாளுக்குக் காப்பியடித்தார்கள்!

போர்டு அடிக்கிறவர்களுக்கு ஒன்று: ராக்வெல் போல்டைப் போட்டால் எழுத்துக்கு நடுவே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.