மீனாட்சியம்மாள் வெறும் பக்கபலமா?
இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தொழிற்சங்கம் கட்டிய நடேசய்யரைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 'நடேசய்யரின் தொழிற்சங்க வேலைகளுக்கு மனைவி மீனாட்சியம்மாள் பக்கபலமாக இருந்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதைத்தான் ஏற்க முடியவில்லை. பக்கபலம் என்பது கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவரைச் சொல்கிற சொல். இந்த அம்மாள் தானே பாட்டுக் கட்டித் தோட்டத்து மக்கள் முன்னால் பாடியவர். பெண்களின் உரிமை பற்றி அய்யர் நடத்திய 'தேசபக்தன்' பத்திரிகையில் எழுதியவர். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகம் அவர் பெயரில்தான் வந்தது, அய்யர் பெயரில் அல்ல. வாசிக்கத் தெரியாத, தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களிடம் மேடைப் பேச்சைவிடப் பாட்டுத்தான் போய்ச் சேரும், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் 'மீனாட்சியம்மாள் எழுதியது கொஞ்சம்தானே' என்று கேட்டிருக்கிறார். சரி, கொஞ்சம்தான். யார் எடுத்து வைத்தார்கள்? எங்கள் வீட்டையே பாருங்கள். பெரியப்பாவின் கவிதை வந்த பத்திரிகைகள் எல்லாம் இன்றைக்கும் தகரப்பெட்டியில், பூச்சி உருண்டை போட்டு, பத்திரமாக இருக்கின்றன. அவருடைய தங்கை, என் அத்தை, இரண்டு கொப்பி (நோட்டுப் புத்தகம்) நிறையப் பாட்டு எழுதியிருந்தார். விறகெல்லாம் நனைந்துபோன ஒரு மழைக்காலத்தில் அடுப்புப் பற்றவைக்க அந்தக் கொப்பிகள்தான் கைக்கு வந்தன.