மிஸ்டர் போலீஸ், துப்பு எங்கே?

பனி மனிதப் பொம்மையை விட்டுப்போகும் கொலைகாரனை நார்வே போலீஸ் தேடும் 'தி ஸ்னோமேன்' படத்தைத் திட்டி யாராவது எழுதினால் போதும், பாடம் எடுக்க ஒருவர் வந்துவிடுவார். "நார்டிக் த்ரில்லர்னா, அதான் நார்வே, ஸ்வீடன் பக்கத்து க்ரைம் கதைன்னா, அப்படித்தான் இருக்கும். மெதுவா போகும், இருட்டா இருக்கும். மசாலா வேணும்னா வேற படம் பாருங்க." படம் 2017இல் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் இதே பதில்தான்.

இருட்டு எங்களுக்குப் பிரச்சினையே இல்லைங்க. பனியும் இல்லை. குடித்துவிட்டுக் கண்ட இடத்தில் தூங்கி எழும் போலீஸ்காரன், சிரிக்கவே தெரியாத முகங்கள், மூன்று நிமிஷத்துக்கு ஒரு வசனம், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் உட்கார்ந்தோம். துப்பறியும் படத்தில் துப்பு இருக்கணும். கேட்டது அவ்வளவுதான்.

(இனி ஸ்பாய்லர்தான். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பார்க்காமல் விட்டாலும் பெரிய நஷ்டமில்லை.)

எதிர்பார்ப்பு சும்மா வரவில்லை. நார்வே எழுத்தாளர் ஜோ நெஸ்போ, ஹாரி ஹோலே என்ற போலீஸ்காரரை வைத்து எழுதிய வரிசையில் பலருக்கும் பிடித்த நாவல். 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' எடுத்த தோமஸ் ஆல்ஃபிரெட்சன் இயக்கம். ஹாரியாக மைக்கேல் ஃபாஸ்பெண்டர். ஒரு கட்டத்தில் தானே இயக்குவதாக இருந்த மார்ட்டின் ஸ்கோர்செஸி நிர்வாகத் தயாரிப்பாளர். எடிட்டிங்கில் தெல்மா ஸ்கூன்மேக்கர், மூன்று ஆஸ்கர் வாங்கியவர். இப்படி ஒரு கூட்டணி சேர்ந்து மொக்கைப் படம் எடுக்கும் என்று யார் நினைப்பார்கள்?

படம் வெளியான சமயத்தில் நார்வேயின் என்ஆர்கே ஒளிபரப்பிடம் இயக்குநரே உண்மையைச் சொல்லிவிட்டார். பணம் திடீரென்று கைக்கு வந்ததாம், அவசர அவசரமாகப் படப்பிடிப்பைத் தொடங்கினார்களாம், நார்வேயில் நாள் போதவில்லையாம். திரைக்கதையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் எடுக்கப்படவே இல்லை. எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகுதான் எத்தனை விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்ததாம். டிக்கெட்டுக்கு மட்டும் நூறு சதவீதம் வாங்கினார்கள்!

போஸ்டர் ஞாபகம் இருக்கா? குழந்தை கிறுக்கியது போன்ற ஒரு பனி மனிதன். பக்கத்தில் "மிஸ்டர் போலீஸ், நீ அவளைக் காப்பாற்றியிருக்கலாம், எல்லாத் துப்பும் கொடுத்தேனே" என்று கோணல் எழுத்தில் ஒரு கடிதம். உலகமே அதை மீம் போட்டுச் சிரித்தது. எனக்குச் சிரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது, ஏனென்றால் துப்பு கொடுக்கவே இல்லை.

ஜே. கே. சிம்மன்ஸ் பாத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்கால விளையாட்டுப் போட்டியை ஓஸ்லோவுக்குக் கொண்டுவரத் துடிக்கும் பெரிய மனுஷன். பெண்களைச் செல்போனில் படம் எடுக்கிறார், ஒரு மாதிரி பார்க்கிறார், "இவன்தானோ" என்று நம்மைத் திருப்பிவிடுகிறார். அப்புறம்? அந்த இழை எங்கே போய் முடிந்தது என்று பார்த்தவர்கள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும். வால் கில்மர் இன்னும் பாவம். தொண்டைப் புற்றுநோயோடு போராடிய மனிதர். குரலுக்கு டப்பிங் போட்டதில் தப்பில்லை, ஆனால் வாய் ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகிறது. அவர் வரும் பெர்கன் நகர ஃப்ளாஷ்பேக்கோ வேறு ஏதோ படத்திலிருந்து வெட்டி ஒட்டியது மாதிரி நிற்கிறது.

ஆனாலும் எல்லாப் பழியையும் எடுக்காமல் விட்ட காட்சிகள்மேல் போட நான் தயாரில்லை. எடுத்தவரைக்கும் என்ன இருக்கிறது? பனி இருக்கிறது. மலை, பாலம், உறைந்த ஏரி, எல்லாம் கண்ணுக்கு அழகு. ஆனால் அந்தப் பனி கதைக்குள் ஒரு வேலையும் செய்யவில்லை. கொலைகாரன் விட்டுப்போகும் பொம்மையைத் தவிர, பனி ஒரு தடயத்தை மூடியதாகவோ காட்டிக்கொடுத்ததாகவோ எனக்கு நினைவில்லை. கல்யாண மண்டபத்துப் பேனர் மாதிரி பின்னால் தொங்குகிறது.

'ஃபார்கோ' படத்தில் ஒருவன் பணப்பெட்டியை வேலியோரம் பனியில் புதைப்பான். புதைத்துவிட்டு இடப்பக்கம் பார்ப்பான், வலப்பக்கம் பார்ப்பான். இரண்டு பக்கமும் ஒரே வேலி, ஒரே வெள்ளை. கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும் சின்னக் கருவியை அடையாளத்துக்குக் குத்திவிட்டுப் போவான். சிரிப்பும் வரும், இந்தப் பணம் இனி யாருக்கும் கிடைக்காது என்றும் புரிந்துவிடும். அதெல்லாம் பனி செய்த வேலை.

வேறு ஆள்கூட வேண்டாம், இதே ஆல்ஃபிரெட்சன் 2008இல் எடுத்த 'லெட் தி ரைட் ஒன் இன்' படத்தில், பள்ளிப் பிள்ளைகள் பனிச்சறுக்கு விளையாடப் போன இடத்தில் உறைந்த ஏரிக்குள்ளிருந்து பிணம் அகப்படும். ஒளித்ததும் ஐஸ்தான், காட்டிக்கொடுத்ததும் ஐஸ்தான். இவருக்குப் பனியை வைத்துக் கதை சொல்லத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் வயிறு எரிகிறது.

'ஸ்னோமேன்' தொடக்கக் காட்சியில் அந்தப் பழைய கை தெரிகிறது. ஒதுக்குப்புறமான வீடு, கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லும் பையன், அதற்கு அடி வாங்கும் அம்மா, கடைசியில் கார் ஐஸ் மேல் போய் நின்று மெல்ல மூழ்குவது. அந்தச் சில நிமிஷங்களுக்கு நான் முழு மார்க் போடுவேன். அதை நம்பித்தான் மிச்சத்தையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த க்ளைமாக்ஸைப் பாருங்கள். உறைந்த ஏரியில் ஹாரியும் கொலைகாரனும் நேருக்கு நேர். ஹாரி என்ன கண்டுபிடித்தார், எப்படி மடக்கினார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், கொலைகாரன் ஐஸ் உடைந்து தானாக உள்ளே விழுந்து போய்ச் சேருகிறான். அந்த ஐஸுக்குத்தான் பதவி உயர்வு கொடுக்கணும், கேஸை முடித்தது அதுதான்.